அறிக்கையில் நான் எழுதாதது

இலங்கையின் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பித்த காலத்தில், தரம் பத்தில் இருந்த ஒரு மாணவனின் படிப்பை நான் நிறுத்தினேன். அவனுடைய முரட்டுக் குணம்தான் காரணம் என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை.

வீட்டு வேலை செய்யாமல் வந்தவனை எழுப்பி, "உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு? தோட்டக்காட்டுப் புத்தி போகுமா?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவன் கொப்பியை என் மேசையில் வீசி, என்னைத் தூஷணத்தால் ஏசிவிட்டு வெளியேறினான். அன்றே அதிபருக்கு அறிக்கை எழுதினேன். அவன் சொன்னதை ஒரு எழுத்தும் விடாமல் எழுதினேன். நான் சொன்னதை எழுதவில்லை.

நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். என் அம்மாவும் கொழுந்துக் கூடை சுமந்தவர். நான் அவனிடம் சொன்ன அதே ஏச்சை டவுனில் பிறர் வாயிலிருந்து கேட்டுக் குமுறியிருக்கிறேன். ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் லயத்தைவிட்டுத் தள்ளி நிற்பதே உயர்வு என்று நம்பத் தொடங்கினேன். அந்தப் பிள்ளைகளின் பேச்சும் செருப்பில்லாத காலும் நான் எங்கிருந்து வந்தேன் என்பதைக் காட்டிக்கொண்டே இருந்தன. என்மீதான வெட்கத்தை அவன்மேல் கொட்டினேன்.

விசாரணைக்கு அவனுடைய அம்மா வந்தார். காலை வேலைப் பதிவான பிரட்டுக்குப் போகாததால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், அவருக்கு இல்லை. கதிரை போட்டும் உட்காரவில்லை. "அடிச்சுத் திருத்துங்க சார். படிப்ப மட்டும் நிப்பாட்டிறாதீங்க" என்றார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அதிபர் அவனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். நான் சொன்னதை அங்கே திருப்பிச் சொன்னால் அது அம்மாவையும் சுடும் என்று அவன் வாயை மூடிக்கொண்டான். இது எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. விளங்கியும், அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். விடுகைப் பத்திரத்தோடு போனவன் கொழும்பில் கடை வேலைக்குச் சேர்ந்ததாகப் பிறகு அறிந்தேன்.

இதே போன்ற ஒரு விசாரணையைக் காட்டும் படம் உண்டு. 2008இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்ற பிரெஞ்சுப் படம் 'ஆந்த்ர் லே முர்'. லோரான் கான்தே இயக்கியது. பாரிஸின் ஒரு பாடசாலையில், ஆசிரியர் மாணவிகள் இருவரை இழிவாகப் பேசப்போய் வகுப்பு கொந்தளிக்கிறது. ஆனால் ஒழுக்காற்று விசாரணையில் நிறுத்தப்படுவது மாலியிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் சுலைமான். பிரெஞ்சு தெரியாத அவனுடைய தாய் மகனுக்காக மன்றாடுகிறாள். அவன் வெளியேற்றப்படுகிறான். அந்தத் தாயின் பேச்சு அங்கிருந்த ஆசிரியர்களுக்குப் புரியவில்லை. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. என் முன்னால் நின்ற தாய் பேசியது என் அம்மாவின் தமிழ்.

1940களில் எங்கள் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டங்களை எட்டவில்லை. 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமையும் பறிபோனது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இதையெல்லாம் மேடையேறி முழங்கியவன் நான். அத்தனை பிந்தித் திறந்த கதவை ஒரு பிள்ளையின் முகத்தில் அறைந்து சாத்தியவனும் நான்தான்.

இன்று பணியில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளைமீது முறைப்பாடு எழுதும்போது, அதற்கு முன் நீங்கள் சொன்னதையும் எழுதுங்கள். அதை எழுதக் கை கூசினால், அந்த முறைப்பாட்டைக் கொடுக்காதீர்கள்.

அவன் முரடன் அல்ல. அவமானம் தாங்காமல் கொப்பியை எறிந்த பிள்ளை. அவன் படிப்பு நின்றதற்குக் காரணம் நான். இதை அவனுடைய அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இன்னும் இருக்கிறது.