பல்லவிக்குத் திரும்புதல்



சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலையில் என் மனைவி வெளியே புறப்பட ஆயத்தமாய் நின்றாள். கையிலிருந்த பையில் மருத்துவச் சீட்டுகள் தெரிந்தன. "எங்கே போகிறாய்?" என்று கேட்டேன். அவள் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, "மதுரைக்கு. கழுத்திலுள்ள கட்டியைப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைத் திங்கட்கிழமை இரவு சாப்பிடும்போது சொன்னேனே. நீங்களும் சரி என்றீர்களே" என்றாள்.

எனக்கு அப்படியொரு பேச்சு நடந்த நினைவே இல்லை.

திங்கட்கிழமை இரவு அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கைபேசியில் பார்த்தேன். நம் சபையின் வாட்ஸ்அப் குழுவிற்கு ஒரு தியானம் அனுப்பியிருந்தேன். அது 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தைக் குறித்தது. அன்பைப் பற்றி நான்கு பத்திகள். உங்களில் பலர் அதற்கு "ஆமென்" என்று பதில் அனுப்பியிருந்தீர்கள். அன்பைக் குறித்து நான் எழுதிக்கொண்டிருந்தபோது, எதிரே அமர்ந்திருந்தவள் தன் பயத்தை என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் தலை நிமிராமலே "சரி" என்றிருக்கிறேன். அவளுடைய அனுமதியோடுதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்று இருவருமாய் மதுரைப் பேருந்தில் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடக்கும்வரை இருவரும் பேசவில்லை. என் மனம் எனக்காக வழக்காடிக்கொண்டிருந்தது. "என் கைபேசி பொழுதுபோக்கிற்கானதல்ல, ஊழியத்திற்கானது. மருத்துவமனையிலிருந்து அழைப்பார்கள், மரண வீட்டிலிருந்து அழைப்பார்கள். அதை எப்படிக் கீழே வைப்பது?" என்றது. இந்தச் சாக்கை நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

அப்போது மாற்கு 5-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. யவீருவின் பன்னிரண்டு வயது மகள் மரணத் தறுவாயில் இருக்கிறாள். ஆண்டவர் அவ்வீட்டிற்குப் போய்க்கொண்டிருக்கிறார். அதைவிட அவசரமான அழைப்பு எந்த ஊழியனுக்கும் வந்திருக்காது. வழியில், பன்னிரண்டு ஆண்டுகள் நோயுற்றிருந்த ஒரு ஸ்திரீ அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நிற்கிறார். கூட்டத்தில் அவளைத் தேடுகிறார். அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். அவள் அதற்கு முன்பே சுகமாகிவிட்டாள். ஆயினும் சுகம் கொடுத்தது போதும் என்று அவர் நடையைத் தொடரவில்லை. அவள் சொல்வதற்கும் இடங்கொடுத்தார். என் ஆண்டவரைவிட எனக்கு அவசரம் அதிகமோ?

மருத்துவமனை நடைக்கூடத்தில் காத்திருந்தபோது, என் மனைவி மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தாள். அது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடியது. 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சரபோஜி மன்னரோடு ஒரே ஆசிரியரிடம் கற்றவர் அவர். 1864-இல் மறைந்தார். நம் ஆராதனைகளில் இன்றும் அவருடைய பாடல்கள் ஒலிக்கின்றன. எங்களுக்கு மணமான புதிதில் இந்தக் கீர்த்தனை ஒரு ஒலிநாடாவில் இருந்தது. இரவு உணவுக்குப்பின் அதை ஓடவிட்டு நாங்களும் கூடப் பாடுவோம். அந்த வழக்கம் எப்போது நின்றது என்று எங்களுக்கே தெரியவில்லை. வீட்டில் பாட்டு குறைந்துவிடவில்லை. இப்போது அவரவர் காதில் அவரவர் பாட்டு ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

நான் அவளோடு சேர்ந்து மெதுவாய்ப் பாடினேன். இரண்டாம் சரணம் எனக்கு மறந்துபோயிருந்தது, அவளுக்கு மறக்கவில்லை. கீர்த்தனையில் சரணங்கள் எத்தனை இருந்தாலும், ஒவ்வொன்றின் முடிவிலும் பல்லவிக்குத் திரும்பி வருகிறோம். வார்த்தை மறந்தவனும் பல்லவியில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். நிலைத்திருக்கும் அன்பும் அத்தகையதே என்று எண்ணுகிறேன். ஒருபோதும் விலகாதவர்களுடைய இல்லம் எங்கும் இல்லை. விலகியவர்கள் திரும்பி வரும் இல்லம்தான் நிலைக்கிறது.

மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. பயப்படத்தக்கது ஒன்றுமில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் நல்ல முடிவு வந்ததால் என் குற்றம் சிறிதாகிவிடவில்லை. இரண்டு இரவும் ஒரு பகலும் அவள் அந்தப் பயத்தைத் தனியே சுமந்தாள். அந்த நேரத்தை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. மன்னிப்புக் கேட்டேன். "இனிமேல் கேட்டால் போதும்" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையில் கைபேசிகள் அலமாரியில் இருக்கின்றன. அந்த நேரத்தில் அவசரமானால் தயங்காமல் கதவைத் தட்டுங்கள். வீடு ஆலயத்திற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உணவுக்குப்பின் ஒரு பாட்டாவது சேர்ந்து பாடுகிறோம்.

நம் இராஜபாளையத்து நூற்பாலைகளில் ஷிப்டு வேலை செய்யும் குடும்பங்களை நான் அறிவேன். கணவன் வீடு திரும்பும்போது மனைவி வேலைக்குப் புறப்படுகிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நாளில் அரைமணி நேரம்தான். அந்த அரைமணியையும் கைபேசிக்குக் கொடுத்துவிட்டால், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நாம் அந்நியர்களாவோம்.

இந்த வாரத்திற்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் வீட்டிலுள்ள ஒருவரிடம், "நீ என்னிடம் சொல்லி, நான் கேட்காமல் விட்டது ஏதேனும் உண்டா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாயிருங்கள்.

அன்பின் ஆண்டவரே, எங்கள் கூப்பிடுதலுக்கு நீர் செவிசாய்க்கிறதுபோல, நீர் எங்களுக்குத் தந்தவர்களுக்குச் செவிகொடுக்க எங்களுக்கும் கற்றுத்தாரும். ஆமென்.