பிரிவு 22-ம் ஓசூர்ப் பட்டறையும்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓசூரிலிருந்து ஒரு பட்டறைக்காரர் வழக்கறிஞரான என்னிடம் வந்தார். விமானப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு ஜிக், ஃபிக்ஸர் என்னும் பிடிப்புக் கருவிகளைச் செய்து கொடுத்தவர். நிறுவனம் நொடித்துப்போய் டெல்லியில் பிஐஎஃப்ஆர் என்னும் தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் முன் நின்றது. அரசு நிதி நிறுவனங்கள் பழைய கடனைத் தள்ளிவைத்துப் புதுப் பணமும் தரப்போவதாகப் பேச்சு.

“கம்பெனியை அரசாங்கமே தூக்கிவிடுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அப்ப என் பணம் வந்துடும்ல சார்?”

நான் சொல்ல வேண்டியிருந்தது நேர்மாறான சேதி. 1985-ஆம் ஆண்டின் நலிந்த தொழில் நிறுவனங்கள் சட்டத்தை நாங்கள் ‘சிகா’ என்போம். விசாரணையோ மறுவாழ்வுத் திட்டமோ நிலுவையில் இருக்கும்வரை, வாரியத்தின் அனுமதி இல்லாமல் பணம் வசூலிக்க யாரும் வழக்குப் போடக்கூடாது என்றது அதன் 22-ஆம் பிரிவு. அந்த நிறுவனத்துக்கான திட்டத்தின் வரைவை வாங்கிப் படித்தேன். வங்கிகளுக்குப் பக்கம் பக்கமாக ஏற்பாடு. சப்ளையர்களுக்கு ஒரே வரிதான்: அசலில் மூன்றில் ஒரு பங்கு, வட்டி கிடையாது.

அவர் கொண்டுவந்த சலான் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் நிறுவனத்தின் தரப் பரிசோதகர் கையெழுத்து, ‘அக்செப்டட்’ முத்திரை. ஒரு உருப்படிகூடக் குறை சொல்லித் திரும்பவில்லை. இரும்புக்கும் ஆள் கூலிக்கும் அவர் ரொக்கமாகக் கொடுத்திருந்தார். அந்த மனிதரும் ஒரு கடன் கொடுத்தவர்தானே? வங்கிக்குக் கிடைத்த நாற்காலி அவருக்கு ஏன் இல்லை?

வரைவுத் திட்டத்தின் சுருக்கத்தை நாளிதழில் வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும் என்றது அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு. அதைப் பிடித்துக்கொண்டோம். டால்ஸ்டாய் மார்க்கில் ஜவஹர் வியாபார் பவனில் விசாரணை. நான் எடுத்துச் சொன்னது ரோல்ஸ் ராய்ஸ் கதை.

லாக்ஹீட் நிறுவனத்தின் ட்ரைஸ்டார் விமானத்துக்கு ஆர்பி211 எஞ்சின் செய்து தருவதாக 1968-இல் ரோல்ஸ் ராய்ஸ் ஒப்புக்கொண்டது. கார்பன் இழையில் செய்த விசிறித் தகடுகள் பறவை மோதும் சோதனையில் நொறுங்கின. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. உருவாக்கும் செலவு 17 கோடி பவுண்டு என்றானது. 1971 பிப்ரவரி 4 அன்று நிறுவனம் ரிசீவர் கைக்குப் போனது. நொடித்த கம்பெனிகளைத் தாங்கிப்பிடிக்க மாட்டோம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்த பிரிட்டன் பிரதமர் ஹீத்தின் அரசு, பழைய கம்பெனியை விழவிட்டுவிட்டு, எஞ்சின் தொழிலை மட்டும் புதுக் கம்பெனி ஒன்றின் பெயரில் வாங்கியது. நஷ்டம் தந்த லாக்ஹீட் ஒப்பந்தம் பழைய கம்பெனியோடு கீழே கிடந்தது.

எஞ்சின் இல்லாத விமானங்களோடு லாக்ஹீட் தவித்தது. கூடுதல் விலைக்குச் சம்மதித்துப் புது ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்க அரசு லாக்ஹீட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது பிரிட்டனின் நிபந்தனை. 25 கோடி டாலர் வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் தரும் மசோதா அந்த ஆகஸ்டில் செனட்டில் 49-க்கு 48 என்று ஒரே வாக்கில் தப்பியது. கடன் தீரும்வரை பங்குதாரருக்கு டிவிடெண்ட் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து அது. கைதூக்கிவிடும்போது முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டியவர் முதலாளிதான், பட்டறைக்காரர் இல்லை.

இத்தனைக்கும் நடுவே ரிசீவர் ரூபர்ட் நிக்கல்சன் டெர்பியில் ரோல்ஸ் ராய்ஸ் ஆலைகளை ஓடவிட்டார். கடைசியில், பழைய கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் முழுத் தொகையும் பெற்றார்கள்.

“இது ஓசூர், டெர்பி இல்லை” என்றார் எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அங்கே விற்பதற்குச் சொத்து இருந்தது. இங்கே ஷெட்டும் அடமானத்தில். ஆகவே வாதத்தைச் சுருக்கினேன்: திட்டம் ஒப்புதலான மறுவாரமே நிறுவனத்துக்கு ஃபிக்ஸர் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஓசூரில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். அவர்கள் கடையைப் பூட்டிவிட்டால் வங்கி போடும் புதுப் பணத்தை வைத்து என்ன செய்வீர்கள்?

இதற்கு, திட்டத்தைத் தயாரித்த ஆப்பரேட்டிங் ஏஜென்சியின் அதிகாரி ஆமென்று தலையசைத்தார். சிறு சப்ளையர்களோடு உட்கார்ந்து பேசும்படி வாரியம் சொன்னது. திருத்திய திட்டத்தில் அசல் முழுவதும் தவணைகளில் வந்தது. வட்டியை விட்டுக்கொடுத்தோம்.

சிகா 2016 டிசம்பரில் ரத்தானது. ஆனால் அதன் கீழ் ஒப்புதலான திட்டம் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களையும் கட்டுப்படுத்தும் என்று மோடி ரப்பர் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. அவர்களைக் கேட்காமலே தொகையைக் குறைக்கலாம் என்பதை இன்றும் என் மனம் ஏற்கவில்லை. ஆனாலும் சட்டம் அதுதான். ஓசூர்க்காரர் ஆட்சேபணை போடாமல், திட்டம் முடிந்தபின் சிவில் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சும்மா இருந்திருந்தால், மூன்றில் ஒரு பங்கோடு அவர் கதை முடிந்திருக்கும்.