கட்டு மாற்றிய ஐந்து மாதங்கள்

ஏப்ரல் 14 அன்று அண்ணல் சிலைக்கு மாலையிட ஏன் வரவில்லை என்று பல தோழர்கள் கேட்டீர்கள். "வேலை கிடைச்சதும் இயக்கத்த மறந்துட்டாங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான். அவன்மேல் கோபம் இல்லை. நீங்கள் ஊர்வலம் கிளம்பிய நேரத்தில் நாங்கள் இருவரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாதத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம். "அதையே எழுதுங்க, எல்லாருக்கும் தெரியட்டும்" என்று இணையர்தான் சொன்னார். எழுதி முடித்ததை அவர் படித்த பிறகே பதிவிடுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. நம் மக்களின் தெருக்கள் எந்த ஊரில் மேட்டில் இருந்தன? இடுப்பளவு தண்ணீரில் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு இணையர் நடந்தார். உள்ளங்காலில் எதுவோ கிழித்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை நரம்பைப் பாதித்தால் காலில் உணர்ச்சி குறையும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்கினோம், ரத்தம் கொடுத்தோம். ஒருநாளும் யாரும் காலைப் பார்த்ததில்லை, நாங்களும் பார்க்கவில்லை. வீட்டில் சேறு அள்ளி முடித்த ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் சுண்டுவிரல் கருத்திருந்தது.

பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்கு முதலில் ஓடினோம். அங்கே ஊசி போடுகிறவர் சீட்டில் பேர் எழுதும்போது "எந்தத் தெரு?" என்று கேட்டார். நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னோம். பஞ்சையும் மருந்தையும் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே துடைச்சுக் கட்டிக்கோங்க" என்றார். எங்களுக்கு முன்னால் வந்தவரின் கையை அவரேதான் பிடித்துக் கட்டினார். அன்று சண்டை போடத் தெம்பில்லை. துடைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

பாதை சரியானதும் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். இன்னும் நான்கு நாள் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் மருத்துவர். பதினொரு நாள் வார்டில் இருந்தோம். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு சிஸ்டர் எங்களை உட்காரவைத்துக் கட்டு மாற்றக் கற்றுக்கொடுத்தார்.

சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பழைய கட்டு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் சலைனை ஊற்றி ஊறவைத்து எடுக்க வேண்டும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு தரம் துடைத்த காஸ் துணியை மறுபடி புண்ணில் வைக்கக் கூடாது. சிவப்பாக, ஈரமாக இருந்தால் சதை வளர்கிறது. மஞ்சளாகப் படிந்தாலோ, கருத்தாலோ, நாற்றம் வந்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே கிளம்பி வர வேண்டும். டெட்டால், மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் கூடாது. முக்கியமாக, அந்தக் காலை ஊன்றவே கூடாது. எவ்வளவு நல்ல மருந்து போட்டாலும் ஊன்றி நடந்தால் புண் ஆறாது.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். வீட்டில் முதல் கட்டைப் பிரித்தபோது எங்களில் ஒருவர் கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். ஓடியவர்தான் இதை எழுதுகிறவர்.

திரும்பி வந்தபோது இணையர் தானே குனிந்து துடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கை எட்டவில்லை. நிமிராமலேயே சொன்னார்: "மேடையில தூய்மைப் பணியாளர் மானத்தப் பத்தி ஒரு மணி நேரம் பேசுதீங்க. எம் புண்ணப் பாத்து ஓடுதீங்க."

எங்கள் வீட்டில் ஐந்து மாதங்களில் பேசப்பட்ட மிகப் பெரிய அரசியல் அதுதான், தோழர்களே. எம்.ஏ. சமூகவியலில் தூய்மை, தீட்டு பற்றி லூயி துமோன் சொன்னதைப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். மலம், சீழ், ரத்தம் இவற்றைத் தொடும் வேலையைச் சிலர் தலையில் கட்டி, தொட்டதற்காக அவர்களையே தள்ளிவைப்பதுதான் சாதி என்று வகுப்பெடுக்கிறோம். அதே வேலையை நம் வீட்டில் யார் தலையில் கட்டியிருக்கிறோம்? இதை எழுதுகிறவர் மூன்று வாரம் டைபாய்டில் கிடந்தபோது சட்டி எடுத்ததும் உடம்பு துடைத்ததும் இணையர்தான். அப்போது அதைப் பற்றி யாரும் பதிவு எழுதவில்லை. கிளினிக்கில் பஞ்சைத் தள்ளிவைத்தவருக்கும் கொல்லைக்கு ஓடியவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அன்று இரவெல்லாம் யோசித்தோம்.

மறுநாள் ஓடவில்லை. பத்து நாளில் கை பழகிவிட்டது. ஒரு மாதத்தில் நிறத்தைப் பார்த்தே புண் எப்படி இருக்கிறது என்று சொல்ல வந்தது. அடுத்த தெரு ராத்தா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருவார். அவர் ஒருநாளும் மூக்கைப் பொத்தவில்லை.

வாரம் ஒரு முறை தூத்துக்குடி போக வேண்டும். காலை ஊன்றக் கூடாதென்றால் பேருந்தில் எப்படி ஏறுவது? ஆட்டோ வைத்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும். விடியற்காலையில் கிளம்பி, ஓ.பி. சீட்டுக்கு நின்று, கட்டுப் பிரித்துக் காட்டி, மருந்து வாங்கித் திரும்ப மாலையாகிவிடும். சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை, உண்மை. ஆனால் இலவச சிகிச்சைக்குப் போய்வரும் செலவும் போன கூலியும் இலவசம் இல்லை. தினக்கூலி வீட்டில் ஆட்கள் கட்டு மாற்ற வராமல் பாதியில் நிற்பதற்குக் காரணம் அறியாமை என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. எங்கள் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அக்காவிடம் கேட்ட பிறகுதான் அந்தத் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க வருகிற செவிலியரும் உண்டு என்று தெரிந்தது. உங்கள் தெருவில் யார் யார் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இந்த மாதங்களில் அடிக்கடி நினைத்தது சவிதா அம்பேத்கரை. நீரிழிவாலும் நரம்பு வலியாலும் உடைந்துபோயிருந்த பாபாசாகேபை 1948 ஏப்ரல் 15-இல் மணந்த மருத்துவர் அவர். இன்சுலின், உணவு, கால் வலி எல்லாவற்றையும் அவர்தான் கவனித்தார். அணையவிருந்த தன் உயிரை மனைவியும் டாக்டர் மாவலங்கரும் மீட்டார்கள் என்று 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் பாபாசாகேப் நன்றியோடு குறிப்பிட்டார். 1957-இல் நூல் வந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. 1956 டிசம்பர் 6-க்குப் பிறகு நம் இயக்கத்தவர் பலர் அந்த அம்மையாரையே சந்தேகப்பட்டார்கள். பார்த்துக்கொண்டவரின் உழைப்பை வரலாற்றிலிருந்து கழற்றிவைப்பது நமக்கும் பழக்கம்தான்.

தம்பி, தங்கைகளுக்கு மூன்று வேண்டுகோள். வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால் இன்று இரவே அவர் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. மருத்துவமனைக்குத் துணைக்குப் போவதைச் சங்க வேலையாகவே எண்ணி முறைவைத்துக்கொள்ளுங்கள். "எந்தத் தெரு?" என்று யாராவது கேட்டால் நாள், நேரம் போட்டு எழுதிவையுங்கள். அன்று எங்களால் முடியவில்லை, அடுத்தவருக்கு முடியட்டும்.

புண் இப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. எம்.சி.ஆர். செருப்புக்கு அளவு கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு இருவரும் வருகிறோம். எங்களுக்கு மூன்று நாற்காலி போடுங்கள். மூன்றாவது, அவர் காலை நீட்டிவைக்க.

ஜெய்பீம்.