கூலிக்கு எழுதும் விஞ்ஞானம்

மருந்துக் கம்பனிகளுக்காகக் கூலிக்கு விஞ்ஞானம் எழுதுவது என் தொழில். பொய் எழுதுமாறு எவரும் என்னைக் கேட்டதில்லை. எந்த உண்மையை முன்னிறுத்துவது என்பதிலேயே இழுபறி எழும்.

2000களில் அமெரிக்காவில் வெளிவந்த விளம்பரமொன்று, 'லிப்பிற்றர்' என்னும் குருதிக்கொழுப்பு மாத்திரை மாரடைப்பு அபாயத்தை 36 சதவீதத்தாற் குறைக்கும் எனப் பெரிய எழுத்திற் கூறிற்று. ஆய்வில் வெற்றுமாத்திரை உண்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கும், மருந்துண்டோரில் 2 பேருக்கும் மாரடைப்பு வந்ததெனச் சிறிய எழுத்து உரைத்தது. இரண்டும் மெய்யே. ஆயினும், மூன்றாண்டுகளுக்கு மேல் நூறு பேர் மருந்துண்ண ஒருவரே தப்பினார் என்பதைப் பின்னதே உணர்த்தும்.

இரு கணக்கையும் ஒரே வாக்கியத்தில் வைக்க இசையாதோருக்கு நான் எழுதுவதில்லை. மாத்திரையை விழுங்குபவர் எனக்குக் கூலி தருபவரல்லர். ஆயினும், என் எழுத்தை நம்புபவர் அவரே.