பக்கவாட்டு ரோம்

1981இல் இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்ட பிபிசி மைக்ரோ (1984இல் இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது) கணினியின் பி வகையில் நினைவகம் வெறும் 32 கிலோபைட். மென்பொருளை நாடாவிலிருந்து அதில் ஏற்றினால் எழுதுவதற்கு இடம் சுருங்கிவிடும். ஆகவே வேர்ட்வைஸ் போன்ற எழுத்துச் செயலிகளை ரோம் சில்லுகளில் பதித்து விற்றார்கள். மூடியைத் திறந்து, விசைப்பலகையை நகர்த்தி, காலியான குழியில் 28 கால்களும் வளையாமல் சில்லை அழுத்த வேண்டும், அவ்வளவே. அதன்பின் கணினியை இயக்கியதுமே செயலி ஆயத்தமாக நிற்கும்.

சில்லுகள் அனைத்துக்கும் முகவரி ஒன்றே என்பதுதான் என் வியப்பு. வேண்டியது முன்னே வரும். மற்றவை ஒதுங்கி நிற்கும். தனக்குப் புரியாத கட்டளை வந்தால், அவையில் புலவர்களிடம் ஐயம் கேட்கும் மன்னனைப் போல, இயங்குதளம் ஒவ்வொரு சில்லிடமும் வரிசையாக வினவும்.

அவற்றுள் பல ஈப்ரோம் வகை. புறஊதா ஒளி பட்டால் அழியும். இருளிலும் பல பத்தாண்டுகளில் மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆர்வலர்கள் இன்று அவற்றை அவசரமாகப் படியெடுக்கிறார்கள். ஏட்டில் செல்லரித்த இடம் கண்ணுக்குத் தெரியும். சில்லில் ஒரு பிட் புரண்டால் தெரியாது. எனவே ஒரே செயலியின் இரு சில்லுகளைத் தேடிப் பிடித்து, பைட் பைட்டாகப் பாடபேதம் பார்க்கிறார்கள்.