மூன்றாவது வரிசையில் யார்?

மோட்டார் வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை நம் வீடுகளில் நெடுநாளாக ஆண்பிள்ளைகளிடமே இருந்து வருகிறது. பெண்களிடம் கேட்பதெல்லாம் "சிவப்பா, வெள்ளையா?" என்ற ஒரே கேள்விதான். அப்படியிருக்க, கடல் கடந்து போன இடத்தில் ஒரு வண்டியைப் பரீட்சை செய்து தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. பத்திரிகையில் வேலை பார்ப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று என் அத்தானுக்கு ஒரு நம்பிக்கை. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

2025 அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்திலுள்ள எடிசனுக்குப் போயிருந்தேன். அங்கேதான் அக்கா குடித்தனம். அக்கா, அத்தான், பதினைந்து வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன், அத்தானின் தாயார் என்று வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவரும் போய் இறங்கியதும் ஏழு. இருந்த பழைய வண்டியில் ஐந்து பேருக்குத்தான் இடம். பிரிட்ஜ்வாட்டரில் உள்ள வேங்கடாசலபதி கோவிலுக்குப் போவதென்றால்கூட வாடகைக்கு இன்னொரு வண்டி அழைக்க வேண்டியிருந்தது.

"மூன்று வரிசை எஸ்.யூ.வி. வாங்கிவிட வேண்டியதுதான்" என்றார் அத்தான். "அதுவும் பிளக்-இன் ஹைப்ரிட்!"

பிளக்-இன் ஹைப்ரிட் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் 2022-ல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் ஹைப்ரிட் ரகத்தில் பெட்ரோல் இன்ஜினோடு மின்சார மோட்டாரும் உண்டு. ஆனால் சுவரில் சொருகப் பிளக் கிடையாது. தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஓடும்போதே சேர்த்துக்கொள்ளும். பிளக்-இன் வண்டியில் பாட்டரி பெரியது. ராத்திரி சுவரில் சொருகி வைத்தால் காலையில் முதல் முப்பது, நாற்பது மைல் மின்சாரத்திலேயே போகும். அது தீர்ந்த பிறகு பெட்ரோல் இன்ஜின் துணைக்கு வரும். மின்சார வண்டிக்காரர்களைப் போல வழியில் நின்றுவிடுவோமோ என்ற கவலை இல்லை.

அத்தான் மூன்று வண்டிகளைப் பொறுக்கி வைத்திருந்தார். மிட்ஸுபிஷி அவுட்லாண்டர் 2025 மாடலில் பாட்டரி 20 கிலோவாட் மணி, அதாவது நம் மின்வாரியக் கணக்கில் 20 யூனிட். ஒரு தடவை நிரப்பினால் 38 மைல். மாஸ்டா சி.எக்ஸ்-90-ல் 17.8 யூனிட், சுமார் 26 மைல். மூன்றாவது கிரைஸ்லர் பசிஃபிகா. அதில் 16 யூனிட், 32 மைல். இது எஸ்.யூ.வி. அல்ல, வான். பேச்சுக்காகத்தான் சேர்த்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

20 யூனிட் என்றால் கொஞ்சமல்ல. 2016-ல் நம் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று உத்தரவு வந்ததே, ஞாபகமிருக்கிறதா? அந்த நூறும் இந்த வண்டிக்கு ஐந்து ராத்திரிக்குத்தான் காணும்.

அக்காவின் ஆபீஸுக்குப் போய்வர 30 மைல். அவுட்லாண்டரில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் வீடு திரும்பிவிடலாம். மாஸ்டாவில் கடைசி நாலு மைலுக்கு இன்ஜின் விழித்துக்கொள்ளும். இதெல்லாம் மிதமான நாட்களின் கணக்கு. அங்கே ஜனவரியில் பனி கொட்டும்போது வண்டிக்குள் ஹீட்டர் போடாமல் உட்கார முடியாது. ஹீட்டர் மின்சாரத்தை விழுங்கும். குளிரில் பாட்டரிக்கும் சுறுசுறுப்புக் குறைவு. சில வண்டிகளில் ஹீட்டருக்காகவே இன்ஜின் கிளம்பிவிடும்.

"எவ்வளவு மிச்சமாகும் தெரியுமா?" என்று அத்தான் உற்சாகமாக ஆரம்பித்தார். நான் மின்சாரப் பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். அந்த மாநிலத்தில் 2025 ஜூனில் வீட்டு மின்சாரக் கட்டணம் ஏறக்குறைய 17 முதல் 20 சதவிகிதம் வரை ஏறியிருந்தது. சில்லறைக் கட்டணங்களையும் சேர்த்து வகுத்தால் அவர்கள் வீட்டில் யூனிட் 20 சென்ட் விழுந்தது. 38 மைலுக்கு 20 யூனிட். ஆக நாலு டாலர். அதே வண்டி பெட்ரோலில் கேலனுக்கு 26 மைல் போகும். 38 மைலுக்கு ஒன்றரைக் கேலன். கேலன் மூன்று டாலருக்குச் சொச்சம் என்று வைத்துக்கொண்டால் நாலரை டாலர்.

"அரை டாலரா?" என்றாள் அக்கா.

அத்தான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போதாக்குறைக்கு, தகுதியுள்ள வண்டிகளுக்கு அமெரிக்க சர்க்கார் கொடுத்துவந்த 7,500 டாலர் வரையிலான வரிச் சலுகையும் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துபோயிருந்தது. மின்சாரம் மலிவான மாநிலங்களில் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். வீட்டு வாசலில் புகையும் சத்தமும் இல்லாமல் வண்டி கிளம்புவதையும் டாலரில் எழுத முடியாது. அதற்காகவே வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். மிச்சம் பிடிக்க வாங்குகிறேன் என்றால்தான் முதலில் மின்சாரப் பில்லைக் காட்டுங்கள் என்பேன்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறொரு கேள்வி. தினம் ராத்திரி பிளக்கைச் சொருகப் போவது யார்?

நியூ ஜெர்ஸியில் ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது. 1949 முதல் அங்கே வண்டிக்காரர்கள் தாங்களே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது. பங்கில் இருக்கும் ஆள்தான் வந்து போட வேண்டும். மற்ற மாநிலத்தார் இறங்கிக் குழாயைப் பிடிக்கையில், நியூ ஜெர்ஸிக்காரர்கள் நம்மைப் போலவே கண்ணாடியை இறக்கிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப் பழகியவர்கள் இனிமேல் ராத்திரி ஒன்பது மணிக்குக் குளிரில் இறங்கிக் கேபிளை இழுக்க வேண்டும். சாதாரணப் பிளக்கில் சொருகினால் அவுட்லாண்டர் நிரம்ப சுமார் 16 மணி நேரம் ஆகும். எலெக்ட்ரீஷியனை அழைத்து 240 வோல்ட் இணைப்பு வைத்தால் ஆறரை மணி நேரம்.

இது தயிருக்கு உறை ஊற்றுவது போன்ற வேலை. பெரிய வேலையல்ல. ஆனால் தினம் ஞாபகம் வைத்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. உறை ஊற்ற மறந்தால் மறுநாள் சாப்பாட்டில் தெரிந்துவிடும். பிளக் போட மறந்தாலோ வண்டி பெட்ரோலில் பாட்டுக்கு ஓடும். யாரும் கேட்க மாட்டார்கள். மறதி வாரக்கணக்கில் நீளும். அப்புறம் அது கனமான பாட்டரியைச் சும்மா சுமந்து திரியும் பெட்ரோல் வண்டிதான். ஐரோப்பாவில் 2021-ல் பதிவான வண்டிகள் உண்மையில் எரித்த பெட்ரோலைக் கணக்கெடுத்து, ஐரோப்பிய கமிஷன் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்கள் பரிசோதனைச் சாலையில் காட்டியதைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு கரியமில வாயுவைத் தெருவில் விட்டனவாம். எதிர்பார்த்த அளவுக்கு மின்சாரத்தில் ஓட்டாததே காரணம்.

"நான் போடறேன், நான் போடறேன்" என்றார் அத்தான்.

"குப்பைத் தொட்டியைத் தெருவில் கொண்டு வைப்பதைக்கூட இப்படித்தான் சொன்னீங்க" என்றாள் அக்கா.

ஒரு சனிக்கிழமை ஏழு பேருமாக வண்டி பார்க்கக் கிளம்பினோம். பழைய வண்டியில் ஐந்து பேர், வாடகை வண்டியில் இரண்டு பேர். எந்தக் கடை, அங்கே எந்த வண்டியில் ஏறினோம் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் விளம்பர இலாகாவோடு எனக்கு விரோதம் வேண்டாம். இவ்வளவு பெரிய பரீட்சைக் குழுவை விற்பனையாளர் அதுவரை பார்த்ததில்லை போலும். குதிரைசக்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவரை நிறுத்தி, "முதலில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறோம்" என்றேன்.

அங்கேதான் நாடகம் தொடங்கியது.

"சம்பந்தி, நீங்க முன்னால உட்காருங்க" என்றாள் அம்மா.

"அதெப்படி? நீங்க விருந்தாளி. நீங்க உட்காருங்க" என்றார் அத்தானின் தாயார்.

இப்படி மூன்று சுற்று உபசாரம் நடந்தது. விற்பனையாளர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பையனுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும். பெண்ணுக்குக் கால் நீளம். முன் இருக்கைகளில் அத்தானும் அவர் தாயாரும், நடு வரிசையில் அக்காவும் குழந்தைகளும் என்று ஆனதும், மூட்டு வலிக்காக ஆறு வருஷமாகத் தைலம் தேய்த்துக்கொள்ளும் என் அம்மா, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு ஏறத் தயாராக நின்றாள். நடு இருக்கையைச் சாய்த்து முன்னே தள்ளி, அந்தச் சந்தில் ஒரு காலை வைத்து, குனிந்து, உடம்பைத் திருப்பி உள்ளே போக வேண்டும். போய் உட்கார்ந்த பிறகு முழங்கால் மார்புக்கு வந்துவிட்டது.

"சௌகரியமா இருக்கும்மா?" என்று கேட்டாள் அக்கா.

"ரொம்ப நல்லா இருக்கு. எனக்கு இங்கேயே போதும்" என்றாள் அம்மா.

நானும் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நெருக்கிக்கொண்டிருந்தேன். அவள் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். பெண்ணைக் கொடுத்த வீட்டுத் தாயார் எந்த வண்டியிலும் கடைசி வரிசையில்தான் உட்காருவாள் என்று எந்த விற்பனைப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி புறப்பட்டு ஒரு தெரு தாண்டிய பிறகு, "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டாள் அம்மா. மின்சாரத்தில் அவ்வளவு நிசப்தம். அந்த ஒரு விஷயத்தில் நூற்றுக்கு நூறு மார்க் கொடுத்தேன்.

திரும்பி வந்து இறங்கும்போதுதான் சங்கடம். அக்கா ஒரு கையையும் பேத்தி ஒரு கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தானின் தாயார், "இருங்க, நானும் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். அத்தான் தடுத்தும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏண்டா, இது ஆள் உட்கார்ற இடமா, பெட்டி வைக்கிற இடமா?"

பெட்டி வைக்கவும் அது உதவாது என்பதுதான் வேடிக்கை. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் அதற்குப் பின்னால் காய்கறிப் பைகளுக்குத்தான் இடம். சென்னையிலிருந்து போகிறவர்கள் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டியோடு இறங்குவார்கள். விமான நிலையத்துக்கு ஏழு பேர் போனால் பெட்டி வராது. பெட்டி வந்தால் ஏழு பேர் வர முடியாது.

கம்பெனிகள் தாங்களே வெளியிடும் அளவுகளைப் பார்த்தால் விஷயம் புரியும். மூன்றாவது வரிசையில் கால் நீட்ட அவுட்லாண்டரில் 18.7 அங்குலம். மாஸ்டாவில் 30.4. பேச்சுக்குச் சேர்த்த அந்தப் பசிஃபிகாவில் 36.5! அதில் கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும். வேறொரு நாள் அதையும் போய்ப் பார்த்தோம். "நம்ம மாருதி ஆம்னி கதவு!" என்று அம்மா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். குனியாமல் நேராக ஏறி உட்கார்ந்தாள். பாட்டரியை நடு வரிசைக்கு அடியில் வைத்துவிட்டதால், பெட்ரோல் ரகத்தைப் போல அந்த இருக்கைகளை மடித்துத் தரைக்குள் புதைக்க முடியாது. அதைத் தவிர எனக்குக் குறை தெரியவில்லை. என் தீர்ப்பு வான் பக்கம்தான் என்று பகிரங்கமாகவே சொல்லிவிட்டேன்.

"சித்தி, அதை ஸ்கூல் வாசலில் நிறுத்தினால் நான் இறங்கவே மாட்டேன்" என்றாள் அக்கா பெண். அத்தான் வாய் திறக்கவில்லை. ஆனால் மகளை அவர் பார்த்த பார்வையில் நன்றி தெரிந்தது. பரீட்சை அதிகாரியின் தீர்ப்பு அத்துடன் தள்ளுபடி ஆயிற்று.

நாங்கள் சென்னை திரும்பிய பிறகு அவர்கள் எஸ்.யூ.வி.யே வாங்கினார்கள். அக்கா இரண்டு நிபந்தனைகள் போட்டாளாம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் யாரும் மூன்றாவது வரிசையில் ஏறக் கூடாது. ஏழு பேர் போக வேண்டிய நாளில் முன்போலவே இன்னொரு வண்டி அழைத்துக்கொள்ள வேண்டும். மாமியாரும் அதை ஆமோதித்தாராம். பின் வரிசை இப்போது மடித்தே கிடக்கிறது. அதன்மேல் அரிசி மூட்டை பிரயாணம் செய்கிறது.

இரண்டாவது நிபந்தனை என்னவென்று டிசம்பரில் வீடியோவில் பேசும்போது தெரிந்துகொண்டேன். அங்கே ராத்திரி ஒன்பதரை மணி. ஜன்னலுக்கு வெளியே பனி. அக்கா அடுப்படியில் பாலை ஆற்றிக்கொண்டே, "பிளக் போட்டாச்சா?" என்று ஒரு குரல் கொடுத்தாள். அத்தான் ஸோபாவிலிருந்து எழுந்து கோட்டைத் தேட ஆரம்பித்தார்.