வெள்ளீயச் சிப்பாய்களின் கோட்டை

ஜெர்மனியில், பவேரியா மாகாணத்தின் வடபாகத்தில் குல்ம்பாக் என்று ஓர் ஊர். பீருக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஊருக்கு மேலே, குன்றின் உச்சியில் பிளாஸன்பர்க் கோட்டை நிற்கிறது. மூச்சு வாங்க ஏறிப் போனால், உள்ளே சுமார் 3 லட்சம் பேர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள்! அத்தனையும் சின்னஞ்சிறு வெள்ளீயப் பொம்மைகள்.

சிப்பாய் ஒருவனைப் பக்கவாட்டில் பாருங்கள். காசு போல் தட்டை! சிலேட்டுக் கல்லில் செதுக்கிய அச்சில் வார்த்தவன். நேரே பார்த்தாலோ கன்னம் உப்பியிருக்கிறது. சட்டை மடிப்பு மடிப்பாய்த் தொங்குகிறது. எல்லாம் வர்ணம் செய்யும் ஜாலம். பள்ளத்தில் இருண்ட சாயம், மேட்டில் வெளிறிய சாயம், இரண்டும் சேருமிடம் தெரியவே கூடாது. குதிரைக் கண்ணுக்கு ஒரே புள்ளி. அது கொஞ்சம் பிசகினால் குதிரைக்கு மாறுகண்! இன்று மேஜைமேல் போர் விளையாடுகிறவர்கள் தங்கள் குட்டி டாங்கிகளுக்கு வர்ணம் பூசுவதும் இதே வித்தையால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பொம்மைகளுக்குப் புகழ்பெற்ற நகரம் நியூரம்பர்க். வர்ணம் தீட்டியவர்கள் யார் தெரியுமா? வீட்டிலிருந்தே கூலிக்கு வேலை செய்த பெண்களும் குழந்தைகளும். பெட்டியில் பட்டறைக்காரரின் பெயர் மட்டுமே இருக்கும்.

கோட்டையிலுள்ள காட்சிகளில் மிகப் பெரியதற்கு 19,000-க்கு மேற்பட்ட பொம்மைகள். எந்தக் காட்சி என்கிறீர்கள்? 1553 நவம்பர் 26-ந் தேதி, பகைவர் கையில் இதே குல்ம்பாக் அழிந்த காட்சி! அந்தப் பகைவர்களில் நியூரம்பர்க்காரர்களும் உண்டு. அவர்கள் ஊர்ப் பொம்மைக் கலையைக் கொண்டே இவ்வூரார் அந்த நாளை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்து கீழே நோக்கினால், அதே ஊர், சிவப்பு ஓட்டுக் கூரைகளோடு.